காஞ்சியிலும் பூந்தமல்லியிலும்

குமணன்சாவடியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பூந்தமல்லி. இராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர் அவர். முதுமையில் நடக்க முடியாமல் போனபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தார் என்பது ஐதீகம். அப்போது காஞ்சி காலியாகிவிட்டதா? இல்லை என்பார்கள் வைணவர்கள். கோயில் திருமேனியான அர்ச்சை வடிவம் எந்தக் கோயிலில் இருந்தாலும் முழுமையானது.

கணினிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது; கோப்பு இரண்டு இடத்திலும் முழுமையாக இருக்க வேண்டுமானால் இரண்டு இடத்திலும் இடம் பிடிக்கும். கூகுள் டிரைவில் ‘மிரர்’ முறையை வைத்தால், கிளவுடில் இருக்கும் 100 ஜிபி வட்டிலும் 100 ஜிபியை விழுங்கும். 2017 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒன்டிரைவ் வசதி வேறு வழி காட்டியது. கோப்பின் பெயர் திரையில் தெரியும். ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தால் அளவு 2 ஜிபி, வட்டில் பிடித்த இடம் 0 என்றிருக்கும். திறக்கும்போதுதான் இணையம் வழியே இறங்கும். இணையம் அறுந்தால் வெறும் பெயர்தான்.

அப்படியானால் கோப்பு கணினியில் இருக்கிறதா, இல்லையா? நம்பியின் கதையைவிட இதுதான் குழப்பமானது.

திறந்தபோது வட்டில் இறங்கிய கோப்பை, இடம் வேண்டுமென்று டெலீட் செய்தால் கிளவுடிலும் போய்விடும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான். அழுத்த வேண்டியது ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’. அதில் வட்டிலுள்ள பிரதி மட்டும் நீங்கும்.