சாட்சியம் தயாரித்தல்

சாட்சி என்பவன் கண்டவன். கண்டவனுக்கு வேண்டியது ஞாபகம்; தயாரிப்பு எதற்கு? கோர்ட்டில் 'தயார் பண்ணின சாட்சி' என்றால் பொய்ச் சாட்சி என்றுதான் அர்த்தம். ஆனால் சட்டசபையிலோ பாராளுமன்றக் கமிட்டியிலோ கேட்கப்படப் போகிற அதிகாரிக்கு அதே தயாரிப்பு கடமையாகிவிடுகிறது. தயாரிக்காமல் போனால்தான் அவர் பேரில் குற்றம். அன்னிய மண்ணில் ராணுவ உறுதி தந்துவிட்டு, பின்னால் அதைப்பற்றிப் பதில் சொல்ல நேர்கிற அதிகாரிகளிடம் இந்தப் பிரச்னை முழு உருவில் தெரிகிறது. அங்கே உண்மை வெளிவந்தால் உயிர் போகலாம். வராவிட்டாலும் உயிர் போகிறது.

நான் இதை எழுதுவது கடலூரிலிருந்து. ஊருக்கும் விஷயத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1769இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஹைதர் அலியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஒருவரை மூன்றாமவர் தாக்கினால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. சீக்கிரமே மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தார்கள். ஹைதர் துணை கேட்டார். கம்பெனி வரவில்லை. இதை மறக்காத ஹைதர், வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1780இல் ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். செய்தி கப்பலேறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும், 1781 ஏப்ரல் கடைசியில் காமன்ஸ் சபை இந்த யுத்தத்தின் காரணங்களை விசாரிக்க ஒரு ரகஸ்யக் கமிட்டியை நியமித்தது. தலைவர் ஹென்றி டண்டாஸ். அதே நாட்களில் ஜெனரல் அயர் கூட்டின் சேனை அரிசிக்கு வழியில்லாமல் கடலூரில் முடங்கிக் கிடந்தது. ஜூனில் அது சிதம்பரத்துக்கு நடந்தது; ஹைதரின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்த கோவிலை 18ஆம் தேதி தாக்கித் தோற்றுத் திரும்பியது; ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஜெயித்தது.

கமிட்டி பெரிய அறிக்கைகளை வெளியிட்டது. கேட்கப்பட்டவர்கள் கம்பெனிக்காரர்கள்; படிக்கப்பட்டவை கம்பெனியின் காகிதங்கள். அந்தக் காகிதங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. சென்னைக் கவுன்சிலில் ஒவ்வொரு அங்கத்தினரும் தம் அபிப்பிராயத்தைக் குறிப்பாகப் பதிவு செய்வார். நகல் லண்டனுக்குப் போகும். என்றாவது ஒருநாள் யாரோ விசாரிப்பார்கள் என்ற பிரக்ஞையோடு எழுதப்பட்டவை அவை. ஆகவே தயாரிப்பு சம்மன் வந்த பிறகு ஆரம்பிப்பதில்லை. காரியம் நடக்கும்போதே, சில சமயம் அதற்கு முன்பே, ஆரம்பித்துவிடுகிறது.

நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோவில்களில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. துரோணர் தருமனிடம் நேராகவே கேட்கிறார். தருமன் சொன்னது வார்த்தையளவில் உண்மை. அந்த வார்த்தையை உண்மையாக்குவதற்காக அசுவத்தாமன் என்ற யானை முன்னதாகவே கொல்லப்பட்டிருக்கிறது. சாட்சியம் தயாரித்தலின் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது: வாக்கியம் முதலில், அதற்குப் பொருந்துகிற உலகம் பிறகு. ஆனால் தருமனுக்கு ஒரு தண்டனை இருந்தது. அதுவரை நிலத்தைத் தொடாமல் ஓடிய அவன் தேர் இறங்கி மண்ணில் பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் தேர் இறங்குவதில்லை. 1969இல் அமெரிக்க செனட், வெளிநாடுகளில் அமெரிக்கா ஏற்றிருந்த ராணுவப் பொறுப்புகளை ஆராய ஸ்டூவர்ட் ஸைமிங்டன் தலைமையில் ஒரு துணைக்கமிட்டியை அமைத்தது. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், லாவோஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். லாவோஸ் விசாரணை மூடிய அறையில் நடந்தது. மாதக்கணக்கில் பேரம் பேசி, பல இடங்களை வெட்டிய பிறகே 1970இல் அச்சுக்கு வந்தது. வடக்கு லாவோஸில் நடந்த குண்டுவீச்சைப் பற்றி முந்தைய விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, அங்கே தூதராக இருந்தவர் சொன்ன சமாதானத்தின் சாரம்: அதைப்பற்றி நேரான கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. இது பொய் அல்ல. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் பதில். கேட்கத் தெரிவதற்கோ, பதில் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் இளைஞர்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. டீக்கடையில் பேசப்பட்ட இந்தச் செய்தியை அரசாங்கம் மறுத்துக்கொண்டே வந்தது. 1987 ஜூலை 29இல் கொழும்பு ஒப்பந்தம் கையெழுத்தானது; நம் சேனை யாழ்ப்பாணம் போனது. இப்படி ஒப்பந்தம் செய்யப் பாராளுமன்றத்தின் முன் சம்மதம் தேவை என்று நம் அரசியல் சட்டம் சொல்வதில்லை. வெளியுறவுக்கென்று ஒரு நிலைக்குழுகூட அன்று இல்லை. அது 1993இல்தான் வந்தது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் நம் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு இரையானார்கள். 1990 மார்ச்சில் சேனை திரும்புமுன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் செத்திருந்தார்கள். பயிற்சி தந்த கதை ஒரு விசாரணை அறிக்கையில் விஸ்தாரமாகப் பதிவானது 1997இல், ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையில். அதற்கும் ஒரு முன்னாள் பிரதமர் கொலையாக வேண்டியிருந்தது. சபையில் எழுந்த கேள்விகள் எதுவும் அதைச் சாதிக்கவில்லை.

ஏன் சாதிக்கவில்லை என்பதற்குக் கெட்ட மனிதர்களைத் தேட வேண்டியதில்லை; ஏற்பாட்டைப் பார்த்தால் போதும். நான் சில காலம் ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அசெம்பிளி கேள்வி வந்துவிட்டால் மற்ற ஃபைல்கள் ஒதுங்கிவிடும். கேள்விக்குப் பதில், பிறகு எழக்கூடிய துணைக்கேள்விகள், அவற்றுக்குப் பதில் என்று கீழிருந்து மேலே போகும். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு வார்த்தை குறையும். கடைசியில் மந்திரி வாசிப்பார். அதிகாரி மாடத்தில் உட்கார்ந்து துண்டுச்சீட்டு அனுப்புவார். தெரிந்தவன் பேசுவதில்லை, பேசுகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. நடுவில் உண்மை குறைந்திருக்கிறது, ஆனால் யாரும் பொய் சொல்லவில்லை. அங்கே விஷயம் சாலைக்கும் ஏரிக்கும் மேல் போனதில்லை. சேனையும் ஒப்பந்தமும் இதே வழியில்தான் சபைக்கு வருகின்றன என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

ரகஸ்யமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாளை எந்தப் பாலத்தைச் சேனை கடக்கும் என்பதைச் சபையில் சொல்பவன் நேர்மையாளன் அல்ல, முட்டாள். மக்களவை விதி 270கூட, தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்றால் ஓர் ஆவணத்தைக் கமிட்டிக்குத் தர அரசாங்கம் மறுக்கலாம் என்கிறது. மறுக்கட்டும். 'சொல்ல மாட்டேன்' என்பது ஒரு நேர்மையான வாக்கியம். கேள்வி அங்கே உயிரோடு நிற்கிறது. கேட்டவன் அதை நாளைக்கும் தூக்கிக்கொண்டு வரலாம். முழுப்பதில் போலத் தோற்றம் காட்டும் அரைப்பதில் கேள்வியையே கொன்றுவிடுகிறது. கேட்டவன் திருப்தியோடு உட்கார்ந்துவிடுகிறான். தான் எதை இழந்தோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

அரசாங்க மர்மங்களையெல்லாம் 'சிதம்பர ரகஸ்யம்' என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. சிதம்பரத்தில் திரை திரை என்று தெரியும்படிதான் தொங்குகிறது. விலக்கினால் வெளியும் தங்க வில்வ மாலையும். யாரும் அங்கே சுவர் என்று ஏமாற்றப்படுவதில்லை. தயாரித்த சாட்சியம் திரையைச் சுவராக வர்ணம் பூசுகிறது. பின்னால் இருப்பதும் வெளி அல்ல, பிணங்கள்.

1781இன் கமிட்டிக்கு ஒரு பின்கதை உண்டு. அதன் விளைவுகளும் சேர்ந்து உருவான 1784ஆம் வருஷத்து இந்தியா சட்டம், இந்தியாவில் நாடுபிடிப்பது பிரிட்டிஷ் தேசத்தின் கௌரவத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. அதே சட்டம், யுத்தம், சமாதானம், உடன்படிக்கை பற்றிய உத்தரவுகளை மறைவாக அனுப்பக் கம்பெனி டைரக்டர்களில் மூவரைக்கொண்ட ஒரு ரகஸ்யக் கமிட்டியையும் ஏற்படுத்தியது. மைசூரோடு மேலும் இரண்டு யுத்தங்கள் நடந்தன.

இதில் எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். தயாரிப்பு நடப்பது பாஷையில். செய்தவன் இல்லாத வாக்கியங்கள், 'நடவடிக்கை எடுக்கப்பட்டது', 'சேதம் ஏற்பட்டது' போன்றவை, முதலில் குறிப்பேட்டில் உட்காருகின்றன, பிறகு பத்திரிகையில், பிறகு நம் வாயில். யாழ்ப்பாணம் போன சேனையை 'அமைதிப்படை' என்று நாமும் மேற்கோள் குறி போடாமல் எழுதியிருக்கிறோம். அந்த வாக்கியங்களில் எழுவாய் யார் என்று கேட்பதை யாரும் தேசத்துரோகம் என்று சொல்லமுடியாது, இலக்கணம்தான்.