பதினேழு மணி நேரக் கெடு

3.8 கிலோமீட்டர் நீச்சல். ஈரம் சொட்டக் கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு ஏழு தடவை போய்வருகிற தூரம். இறங்கியதும், மரத்துப்போன காலோடு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978-இல் ஹவாயில் பதினைந்து பேரோடு தொடங்கிய 'அயர்ன்மேன்' போட்டிக்குப் பொதுவாக 17 மணி நேரம் கெடு. ஜெயிக்கிறவர் எட்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டிருப்பார். எனக்கென்னவோ, ஆபீசுக்கும் போய்க்கொண்டு விடியலில் பயிற்சி எடுத்து, இருட்டிய பிறகு வந்து சேருகிறவர்களைத்தான் பிடிக்கிறது. நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், ஜூரிச்சில் 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார்.

1982-இல் ஹவாயில், படிப்பின் ஆய்வுக்காகக் கலந்துகொண்ட மாணவி ஜூலி மாஸ் பெண்களில் முதலிடத்தில் ஓடிவந்து, எல்லைக்கோட்டுக்குச் சில அடி முன்னால் சுருண்டு விழுந்தார். இன்னொருவர் முந்திப் போய்விட்டார். மாஸ் தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார்.

ஐயாறப்பர் கோயில் கொண்ட திருவையாற்றுக்காரர்களுக்கு இது புதுசில்லை. கயிலைக்குக் கிளம்பிய அப்பர், பாதம் தேய்ந்ததும் கையூன்றித் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், பிறகு புரண்டார் என்கிறது பெரியபுராணம். வடக்கே பொய்கையில் மூழ்கியவர் எழுந்தது இங்கே, திருவையாற்றுக் குளத்தில்; கயிலைக் காட்சி கண்டதும் இங்கேதான். ஆடி அமாவாசைதோறும் அந்தக் கயிலைக் காட்சிக்குக் கோயிலில் கூட்டம் தாங்காது.