நீ யார் எனக் கேட்டால்?

மரணத் தறுவாயில் இருந்த நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை அழைத்து ஒரு கேள்வி கேட்டார்கள் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. ஆட்டு மந்தையை யார் பார்த்துக்கொள்வது என்றோ, நிலபுலன்களை எப்படிப் பங்கிடுவது என்றோ அவர்கள் கேட்கவில்லை. தமக்குப் பின் எதனை வணங்குவீர்கள் என்றே கேட்டார்கள். மக்களும் தயங்கவில்லை. தந்தையின் இறைவனை, முன்னோர்களான இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலை) ஆகியோரின் ஏக இறைவனை வணங்குவோம் என்று விடை கூறினார்கள். அந்த ஒரே விடைக்குள் இறைவனும் இருந்தான். அவனை அறிமுகப்படுத்திய பெரியோர்களின் பெயர்களும் இருந்தன.

வியாபாரிகளாகிய நாம் கடையை யார் பெயரில் எழுதி வைப்பது என்பதைப் பற்றி எவ்வளவோ யோசிக்கிறோம். வருடம் தவறாமல் இருப்பெடுத்து ஐந்தொகை பார்க்கிறோம். வரவேண்டிய பாக்கி ஒரு வெள்ளியானாலும் பேரேட்டில் ஏறிவிடுகிறது. ஆனால், "நீ யார்?" என்று ஒருவர் கேட்டால் நம் பிள்ளை என்ன விடை சொல்லும் என்ற கணக்கை நாம் எப்போதாவது பார்த்ததுண்டா?

முன்னாளில் ஜார்ஜ் டவுனில் இந்தக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. கீழே கடை, மேலே வீடு. சூலியா தெருவிலும் பினாங்கு தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, 1801-ஆம் ஆண்டில் நம் முன்னோர்கள் தோற்றுவித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கோசையே கடிகாரமாக இருந்தது. வாப்பா தொழப் போவதைப் பிள்ளை பார்த்தது. சிப்பந்திகளோடு சேர்ந்து நோன்பு திறந்தது. நாகூரையும் காரைக்காலையும் இராமநாதபுரத்தையும் கடையநல்லூரையும் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டது. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. தெருவே மதரஸாவாக இருந்தது.

காலம் மாறியது. 1970-களில் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை எழுந்தது. அதையொட்டிப் பாயான் பாரு என்ற புதுநகரம் உண்டாயிற்று. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய நகரத்து மாடி வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. இன்று பாயான் பாருவில் வாழும் நம் பிள்ளை அடுக்குமாடி வீட்டில் வளர்கிறது. கடை எங்கோ இருக்கிறது. பிள்ளை விழிக்குமுன் வாப்பா புறப்பட்டுவிடுகிறார். அது உறங்கியபின் திரும்புகிறார். முன்பு தெரு செய்துவந்த வேலை முழுவதும் இப்போது வீட்டின் தலையில் விழுந்திருக்கிறது. வீடு அதைச் செய்கிறதா என்பதே கேள்வி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடாமல் கேட்கிறார்கள்: நீ மலாய்க்காரனா, இந்தியனா? இந்நாட்டு அரசியல் சாசனத்தின் 160-வது விதி, மலாய்க்காரர் என்பதற்குச் சமயம், மொழி, வழக்கம் ஆகிய மூன்றையும் முக்கிய அடையாளங்களாகக் கூறுகிறது. நம் பிள்ளைக்குச் சமயம் பொருந்துகிறது. உம்மம்மா பேசும் மொழி வேறாக இருக்கிறது. தமிழ் பேசும் மற்றத் தோழர்களிடம் போனால் மொழி பொருந்துகிறது. பெருநாள் வேறாக இருக்கிறது. இரண்டு வாசல்களுக்கும் நடுவே நிற்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து நம்மைப் பார்க்கிறது. அப்போது நம்மில் சிலர், "தமிழ் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, கேட்டால் மலாய் என்றே சொல்லிவிடு" என்று சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளையின் மேலுள்ள அன்பினால்தான் சொல்கிறோம். ஆயினும் அது சரியா?

இந்த யோசனைக்கும் ஒரு நியாயம் உண்டு. ஈமானுக்கு மொழி கிடையாது. மலாய் இந்நாட்டின் தேசிய மொழி. கோடிக்கணக்கான முஸ்லிம்களின் மொழி. அதை நம் பிள்ளைகள் பிழையறக் கற்கவே வேண்டும். தலைமுறை தலைமுறையாக மலாய்க் குடும்பங்களில் மணமுடித்து, ஜாவி பெரானாக்கான் என்ற பெயரோடு சிறப்பாக வாழ்ந்தவர்களின் வம்சமும் இத்தீவில் உண்டு. அவர்களுடைய இஸ்லாம் நம்முடையதைவிட ஒரு மாற்றுக்கூடக் குறைந்ததன்று. வீட்டு மொழி மலாயாக மாறிவிட்டால் தீன் போய்விடும் என்று நாம் சொல்ல வரவில்லை.

மாறுவது ஒன்று, மறைப்பது வேறொன்று. உம்மம்மாவை மறைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, இடத்துக்கேற்ப உண்மையை மறைக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. இன்று சுலபத்துக்காக மொழியை மறைத்தவன், நாளை வேறோர் ஊரில், வேறொரு கூட்டத்தில், அதே சுலபத்துக்காகத் தொழுகையையும் மறைக்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? மறைத்துப் பழகிய உள்ளத்தில் ஈமான் எப்படி அச்சமின்றிக் குடியிருக்கும்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர்களைப் பாருங்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களை ஃபாரிஸீ என்றே அழைத்தார்கள். அபிசீனியரான பிலால் (ரலி) அவர்கள் ஹபஷீ என்றும், ரோமர் நாட்டில் வளர்ந்த ஸுஹைப் (ரலி) அவர்கள் ரூமீ என்றும் அறியப்பட்டார்கள். இஸ்லாம் அவர்களுடைய ஊர்ப் பெயரை அழிக்கவில்லை; அந்தப் பெயரால் வந்த தாழ்வை அழித்தது. மனிதர்கள் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், மேன்மை என்பது இறையச்சத்தில்தான் இருக்கிறது என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் போதிக்கிறது. ஆகவே தமிழன் என்பதற்காகப் பிள்ளை வெட்கப்படவும் வேண்டாம். அதற்காகத் தருக்கித் திரியவும் வேண்டாம்.

நம் நாட்டிலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. 1796-இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோரில் ஒருவர் யெமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணமுடித்த அரபி. மலாக்காவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துவந்த அவருடைய பாட்டியாரின் பெயர் பெரியாச்சி. கணக்கு வழக்குக்கு உதவும் என்று தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். அந்தப் பிள்ளையே பிற்காலத்தில் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்பட்டார். கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களுடைய மொழிபெயர்ப்பு வேலைகளிலும் உதவினார்; அதனால் 'அப்துல்லா பாதிரி' என்று ஏளனமும் செய்யப்பட்டார். ஆயினும் அவருடைய மார்க்கம் அசையவில்லை. 1854-இல் ஹஜ் பயணத்தின்போதே காலமானார். நாகூரையோ பெரியாச்சியையோ அவர் மறைக்கவில்லை. தம் வரலாற்று நூலில் அவரே எழுதி வைத்ததால்தான் நமக்கும் தெரிகிறது.

இத்தகைய உறுதியை நம் பிள்ளைகளுக்கு எப்படி ஊட்டுவது? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில் வழி இருக்கிறது. மகனே என்று அன்போடு விளித்துத் தொடங்குகிறார்கள். முதலில் ஏகத்துவம், பிறகு பெற்றோரின் உரிமை, தொழுகை, பொறுமை, கடைசியில் நடையிலும் குரலிலும் பணிவு. அதில் மிரட்டலில்லை, பிறரை இழித்துப் பேசி நம்மை உயர்த்திக்கொள்வதுமில்லை. நாமோ பல சமயங்களில் நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறோம். அல்லது மற்றச் சமூகத்தாரைக் குறைகூறிப் பெருமை ஊட்டுகிறோம். பயத்தால் வந்த பக்தி பயம் தெளிந்ததும் போய்விடும். பிறரைத் தாழ்த்தி வந்த பெருமை, நல்ல குணமுள்ள ஓர் அந்நியரைச் சந்தித்ததும் சரிந்துவிடும்.

இன்னொன்றையும் வியாபாரப் பெருமக்கள் கவனிக்க வேண்டும். பாக்கி கேட்டு வருபவரிடம் "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என நாம் பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் அந்த ஒரு நிமிடம், ஹஜ்ரத் ஒரு வருடம் ஓதிக்கொடுத்ததைக் கலைத்துவிடக்கூடியது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. நம் கடையின் நிறையையும் விலையையும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைவிற்கொள்வோமாக.

எனவே, பாயான் பாருவிலும் பிற இடங்களிலும் வாழும் நம் சகோதரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். நாளொன்றுக்கு ஒருவேளைத் தொழுகையையாவது பிள்ளைகளோடு சேர்ந்து தொழுங்கள். விடுமுறை நாளில் கடைக்கு அழைத்துச் சென்று, முன்னோர் எழுப்பிய பள்ளிவாசலைக் காட்டி, அவர்கள் எங்கிருந்து எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அதட்டாமல், இருவருமாகச் சென்று ஆலிமிடம் கேளுங்கள். உம்மம்மாவோடு அவருடைய மொழியிலேயே பேசவிடுங்கள்.

அப்போது, நீ யார் என்று யார் கேட்டாலும் நம் பிள்ளை முகத்தைப் பார்க்காது. நம் மானத்துக்காகப் பொய்யும் சொல்லாது. நான் முஸ்லிம், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன், இந்த மண்ணின் பிள்ளை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும். அந்த விடையை நாம் கண்மூடுமுன் கேட்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.