மல்லிகை சாம்பலாகத் தெரிந்தால்

புதிதாக கேமரா வாங்கியவர்கள் பேசிக் கேட்டால், சுற்றிச் சுற்றி ஓரிடத்தில் வந்து நிற்பார்கள்: "எனக்கு அதுக்கான கண்ணே இல்லைங்க." படம் மங்கலாக வந்தது, இருட்டாக வந்தது, சாய்ந்து வந்தது என்றுதான் பேச்சு தொடங்கும். அது ஏன் அப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் தன்னைப் பற்றிய தீர்ப்பை எழுதி முடித்திருப்பார்கள். இந்த அவசரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கேமராவைத் தூக்கி அலமாரியில் வைப்பவர்களில் பெரும்பாலோர் படம் எடுக்கத் தெரியாமல் வைப்பதில்லை, இந்தத் தீர்ப்பை நம்பித்தான் வைக்கிறார்கள்.

*

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் கேமராவோடு போகிறவர் முதலில் எடுப்பது மல்லிகைக் குவியலைத்தான். சாக்குப்படுதாவில் கொட்டிக் கிடக்கும் மொட்டுகள், மேலே தெளித்த தண்ணீர், அள்ளிப் போடும் கை. கண்ணுக்கு எல்லாம் வெள்ளை. கேமராவின் திரையில் பார்த்தால் பூ சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மறுபடி எடுத்தாலும் சாம்பல். மனசு உடனே சொல்லும்: உனக்கு வராது.

நடந்தது வேறு. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு மல்லிகை என்றால் என்னவென்று தெரியாது. எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும். புகைப்படக்காரர்கள் 18 சதவீதச் சாம்பல் என்று சொல்லும் அளவு அது. படம் முழுக்க வெள்ளைப் பூ நிறைந்திருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று முடிவு செய்து குறைத்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் ஒன்றுக்குத் தள்ளிப் பாருங்கள், பூ வெளுத்துவிடும். போதவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். எருமையையோ கருங்கல் தூணையோ நெருங்கி எடுக்கும்போது நேர்மாறாக நடக்கும். கறுப்பு வெளிறிப்போகும், அப்போது மைனஸ் பக்கம் போக வேண்டும். வெயில் வானத்துக்கு முன்னால் நிற்கும் கருத்த முகம் இருட்டிப்போவதும் இதே கணக்கினால்தான். அந்த முகத்தின்மேல் குற்றமில்லை. எடுத்தவர் கண்ணிலும் குற்றமில்லை.

*

பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஒரு பிரிண்ட்டைக் கையில் வாங்கினால் "ஷேக் ஆயிருக்கு" என்பார்கள், "அவுட் ஆயிருக்கு" என்பார்கள், "அண்டர்ல இருக்கு" என்பார்கள். அதற்குமேல், எடுத்தவரைப் பற்றி, பேச மாட்டார்கள். ஷேக் என்றால் ஷட்டர் மெதுவாக இருந்திருக்கிறது. 50 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது நொடியில் 1/50க்குக் கீழே இறங்கினால் கை ஆட்டம் பதியும் என்பது அவர்கள் வழிவழியாக வைத்திருக்கும் கணக்கு. அவுட் என்றால் ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதிலோ பின்சுவரிலோ விழுந்திருக்கிறது. லென்ஸை எஃப் 1.8க்குத் திறந்துவைத்து முகத்தை நெருங்கினால், கண் தெளிவாக இருக்கும்போதே காது கரைந்துவிடும். அந்த அளவுக்குத் தெளிவின் ஆழம் குறைவு. அண்டர் என்றால் வெளிச்சம் போதாமல் படம் இருண்டிருக்கிறது.

அதற்காகச் சந்தேகத்தை விரட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சந்தேகமே இல்லாமல் எடுப்பவர் தன் படத்தை இரண்டாவது முறை பார்ப்பதே இல்லை. சந்தேகம் எதன்மேல் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'நான் லாயக்கா?' என்ற கேள்விக்கு எந்தப் படமும் பதில் சொல்லாது. 'இந்தப் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, நான் எங்கே நின்றேன், இன்னும் இரண்டடி முன்னால் போயிருக்கலாமா?' என்று கேட்டால் படமே பதில் சொல்லும்.

*

புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரனை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தபோது, மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமரா பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளின் தாய். புகைப்படக் கலையைப் பற்றி எதுவும் தெரியாது. பெட்டியை எங்கே வைப்பது, உட்கார்ந்திருப்பவர்மேல் ஃபோகஸ் எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. இதை அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். கரி போட்டுவைக்கும் கொட்டடி இருட்டறையானது. கோழிக்கூடு கண்ணாடி அறையானது.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுப்பதென்றால் என்ன பாடு என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைச் சீராக ஊற்றி, அதை வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவ வேண்டும். எதிரே இருப்பவர் பல நிமிடங்கள்கூட அசையாமல் உட்கார வேண்டியிருக்கும். கேமரன் தன் ஊர் விவசாயி ஒருவரை மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரவைத்து, முயன்று முயன்று முதல் படத்தை எடுத்தார். அது வந்துவிட்ட சந்தோஷத்தில் தகட்டைத் தூக்கிப் பிடித்தபோது, ஈரப் பக்கத்தில் கை பட்டு படம் முழுக்க அழிந்துபோனது.

அங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கான காரணம் கையிலேயே இருந்தது. அவர் நிறுத்தவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்தார். அதையே தன் முதல் வெற்றி என்று எழுதிவைத்தார். கை பட்டு அழிந்துபோன படத்துக்கும் இதற்கும் இடையே நீண்ட காலம் ஒன்றும் இல்லை.

பிறகு கவிஞர் டென்னிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹெர்ஷல் எல்லோரும் அவர் கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள். புகைப்படப் பத்திரிகைகள் மட்டும் விடவில்லை. ஃபோகஸ் இல்லை, தகட்டில் கறை, கவனக்குறைவு என்று எழுதின. அவரோ, லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திக்கொள்வதாகவும், அதற்குமேல் கூர்மையைத் தேடித் திருகுவதில்லை என்றும் சொன்னார். இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் விமர்சனத்தைக் கேட்காதவர் அல்ல. எதை ஏற்பது, எதை விடுவது என்பதைத் தன் தகடுகளைப் பார்த்து முடிவுசெய்தார்.

1875இல் கணவரோடு இலங்கைக்குப் போய்விட்டார். அங்கே அவர்களுக்குக் காபித் தோட்டங்கள் இருந்தன. அங்கும் படம் எடுத்தார், ஆனால் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. 1879இல் இறந்தார். மலையகத்தில் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரியவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த எளியவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே இருக்கிறார்கள். இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

*

புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ராங்க் 1955, 56இல் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்தார். அவற்றிலிருந்து போட்ட புத்தகத்தில் சேர்த்தது 83. ஃபோனில் மற்றவர்களின் நல்ல படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு மனம் சோர்கிறவர்கள், அவற்றை எடுத்தவர்கள் தள்ளிவைத்ததையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

*

கருவியைப் பற்றிய சந்தேகம் பழகப் பழகக் குறையும். ஆளுக்கு முன்னால் கேமராவைத் தூக்கும்போது வரும் கூச்சம் லேசில் போகாது. தெருவில் எடுத்தால் "எந்தப் பேப்பர்ல வரும்?" என்று கேட்பார்கள். தொடக்கக்காரருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும், ஏதோ திருடவந்த மாதிரி. எந்தப் பேப்பரிலும் வராது, கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். கற்றுக்கொள்கிறவரிடம் நம் ஜனங்கள் கடுமையாக இருப்பதில்லை. "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பூக்காரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு "எடுத்துக்க கண்ணு" என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கும்பிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அப்படி அனுமதி கேட்டு எடுத்த படத்தில் ஒரு நிதானம் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். எதிரே இருப்பவர் நமக்காக ஒரு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். அந்த ஒரு நிமிடம் முழுக்க அவரைப் பார்ப்பதிலேயே போனால், நம்மைப் பற்றி நினைத்துக்கொள்ள நேரம் இருக்காது.

*

தொடங்கியிருப்பவர்களிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். சரியாக வராத படங்களை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள். சில வாரங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், எது ஷேக், எது அவுட், எது உண்மையில் நல்ல படம் என்று நீங்களே சொல்வீர்கள். இன்னொன்று, யாரை எடுத்தீர்களோ அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை ஒரு பிரிண்ட் போட்டு, பின்னால் அந்தப் பெயரையும் தேதியையும் எழுதி, அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.