கட்டைவிரலும் நான்காம் சீலமும்



சென்ற பௌர்ணமியன்று திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து யாவரும் எழுந்த பின்னரும் ஓர் அம்மையார் மட்டும் பாயைவிட்டு எழவில்லை. வயது 76. பெங்களூரில் நான் தறி ஓட்டிய அதே ஆலையில், நூல் சுற்றும் பகுதியில் பல்லாண்டு உழைத்தவர். "தம்பி, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறாயே, இந்தக் கைபேசியை நான் வாழ்த்துவதா, வைவதா? அதைச் சொல்" என்றார். விளையாட்டாகக் கேட்டதன்று.

ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டும் என்பதை அறிவீர்கள். இதற்கென 2014 நவம்பரில் மத்திய அரசு ஜீவன் பிரமாண் என்னும் மின்னணுச் சான்றிதழைக் கொண்டுவந்தது. விரல்ரேகை பதிந்தால் சான்றிதழ் உண்டாகும். ஆயுளெல்லாம் நூல் ஓடித் தேய்ந்த விரலில் ரேகை ஏது? நான்கு முறை வைத்தும் பதியவில்லை. முகத்தைக் காட்டினாலும் போதும் என்னும் முறை வந்தபின், பேத்தி வீட்டிலேயே கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, நொடிப்பொழுதில் காரியத்தை முடித்துவிட்டாள்.

"நான் உயிரோடிருக்கிறேன் என்று அது ஒப்புக்கொண்டது, தம்பி. ஆனால் அதைப் பிடித்துக்கொடுத்த பிள்ளை மறுகணமே அதற்குள் தலையைக் குனிந்தவள், இரவு சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட்டும் நிமிரவில்லை. அவளுக்கு நான் உயிரோடிருக்கிறேனா?" என்றார். அங்கிருந்த இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கருவியே தீயது என்று பேசி முதியோரின் கைதட்டலைப் பெறுவது எளிது. அதை நான் செய்வதற்கில்லை. 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது அச்சியந்திரத்தின் துணையைத்தானே நாடினார்? நம் முன்னோர் குரல் ஊர்விட்டு ஊர் சென்றது அதனாலன்றோ?

நான் நன்கறிந்த இயந்திரம் தறி ஒன்றே. அதில் பாவிழை ஒன்று அறுந்தால், அவ்விழையில் தொங்கும் மெல்லிய தகடு கீழே விழும். விழுந்ததும் தறி நின்றுவிடும். நெசவாளி இழையை முடிந்து மீண்டும் ஓட்டுவான். தகடு வேலை செய்யாத தறியிலோ, அறுந்த இழையோடே கஜக்கணக்கில் துணி ஓடிவிடும். பிழை சிறியதுதான், நில்லாமல் ஓடுவதே கேடு.

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன். 2018ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்னும் குரற்செய்தி ஒன்று பழைய ஆலைத் தோழர் ஒருவரிடமிருந்து எனக்கு வந்தது. என் கட்டைவிரல் ஒரு கணமும் தயங்கவில்லை. 40 பேருக்கு மேல் அனுப்பினேன். குழந்தைகள் உள்ள வீடுகளை எச்சரித்தோம் என்ற மனநிறைவோடு உறங்கவும் செய்தேன்.

அம்மாதத்தில்தான் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அவர் செய்தது, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது! பேரப்பிள்ளைகளைக் கண்ட எந்தக் கிழவிதான் அதைச் செய்யமாட்டாள்? இரண்டு வாரம் கழிந்து நம் பெங்களூர்ச் சாமராஜப்பேட்டையிலேயே, ராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞரை அதே வதந்தியால் கொன்றனர். ஜூலை முதல் நாள், மகாராஷ்டிரத்துத் துளே மாவட்டம் ரைன்பாடாவில் நாடோடிச் சமூகத்தார் ஐவர் மாண்டனர்.

பொய்யென்று அறியாமல் அனுப்பியவனுக்கு நான்காம் சீலம் முறிவதில்லை, ஏமாற்றும் எண்ணம் இருந்தாலன்றி முசாவாதம் ஆகாது என்று பிக்கு ஒருவர் எனக்கு ஆறுதல் கூறினார். நூற்படி அது சரியே. ஆயினும் கேள்விப்பட்டதென்பதற்காக எதையும் ஏற்க வேண்டா என்று கேசபுத்தத்துக் காலாமருக்குப் பகவான் உபதேசித்ததைப் பல மேடைகளில் விளக்கியவன் நான். மேடையேறிய என் வாய்க்கும் செய்தியனுப்பிய என் விரலுக்கும் இடையே எத்தனை தூரம்!

அந்த ஜூலையிலேயே வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் இந்தியாவில் அனுப்ப இயலாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியாயின் ஒன்றுக்குமேல் இயலாது என்றது. தறித் தகட்டைப் போன்ற ஏற்பாடு, நன்று. ஆனால் அது எண்ணிக்கையைத் தடுக்குமேயன்றிப் பொய்யைத் தடுக்காது. இது மெய்யா, இப்பொழுது சொல்லத்தக்கதா, கேட்பவருக்குப் பயனுண்டா என்று விரலை நிறுத்தும் தகடு நமக்குள் விழவேண்டும். எட்டங்க மார்க்கத்தில் நற்கடைப்பிடி என்று நாம் ஓதுவது அதனையே.

இளைஞரைக் குறை கூறும் நம் வயதினர் ஏன் இவ்வளவு அனுப்புகிறோம்? விடியுமுன் பூப்படத்தோடு காலை வணக்கம், பகலில் மருந்துக் குறிப்பு, இரவில் அச்சுறுத்தல். யோசித்துப் பார்த்தேன். நானும் இருக்கிறேன் என்று சொல்ல நமக்கு எஞ்சிய வழி அதுவாகிவிட்டது. பேத்தி நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த அம்மையார் என்னிடம் கேள்வி கேட்டிருக்க மாட்டார்.

அவருக்கு அன்று நான் விடை கூறவில்லை, இக்கதையைத்தான் கூறினேன். கேட்டு முடித்து, "அனுப்பினவர்களிடமெல்லாம் போய், அது பொய் என்று சொன்னாயா?" என்றார். சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் அது எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் முதல் ஒவ்வொருவராக நேரில் தேடிச் செல்கிறேன். இதுவரை 11 பேரைக் கண்டேன். பலருக்கு அச்செய்தியே நினைவில்லை. இருவர் காலமாகிவிட்டதை அவர்கள் வாயிலில் நின்றே அறிந்தேன். ஒருவர் மட்டும் அது உண்மையே என்று இன்னும் சாதிக்கிறார். அவர் வீட்டுக்கு வரும் ஞாயிறு மறுபடியும் செல்லவேண்டும். அம்மையாரும் உடன் வருகிறார். பேத்தியும் வருகிறாளாம், எஞ்சியவர்களின் வீடுகளுக்கு அவள் கைபேசியில் வழி பார்த்துச் சொல்வாள் என்கிறார்.