கறள் யாருக்குச் சொந்தம்?

பழைய பொருளொன்றைப் புதுப்பிப்பதா, இருந்தபடியே விட்டுவிடுவதா என்பது ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தர்க்கித்துவரும் விடயம். நோத்ர்-டாம் தேவாலயத்தையும் கார்க்கசோன் கோட்டையையும் புதுப்பித்த வியோலே-லெ-டுக், ஒரு கட்டடத்தை அது எக்காலத்திலும் இருந்திராத முழுமைக்குக் கொண்டுவருவதும் புதுப்பித்தலே என்று துணிந்து கூறினார். ஆங்கிலேயரான ஜோன் ரஸ்கினோ அதற்கு முன்னரே, 1849இல், புதுப்பித்தல் அழிவின் இன்னொரு பெயர் என்று எழுதிவிட்டார். 1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவிய வில்லியம் மொரிஸும் ரஸ்கினின் பக்கமே நின்றார். பராமரியுங்கள், புதுப்பிக்காதீர்கள் என்பதே அவரது வேண்டுகோளின் சாரம்.

இவர்கள் பேசியது கோபுரங்களையும் மதில்களையும் பற்றி. ஒரு சவரக்கத்தியை முன்னால் வைத்து இதே கேள்வியைக் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

பாரிஸில் வாழும் நண்பரொருவரிடம் அவரது அப்பப்பா பாவித்த மடக்குக் கத்தி இருக்கிறது. அலகின் அடியில் சோலிங்கன் என்ற ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து, வடமராட்சிக் கிராமமொன்றில் ஆயுள் முழுக்க உழைத்து, மீண்டும் ஐரோப்பாவுக்கே வந்து சேர்ந்திருக்கும் கத்தி அது. கொம்புப் பிடி வெடித்திருக்கிறது. அலகில் கறள் ஏறியிருக்கிறது. இவற்றைச் சீர்செய்து கொடுப்போர் இங்கு உண்டு. கொடுப்பதா, விடுவதா என்று அவர் எங்களிடம் கேட்டார்.

சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது அலகைக் கிடையாக வைத்து, முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி இழுப்பார்கள். வெட்டும் கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிப்பு. ஆகவே விளிம்பு தேயும்போது முதுகும் கூடவே தேய்கிறது. அதிகம் உழைத்த கத்தி ஒடுங்கி, முதுகில் தட்டையானதொரு பட்டையோடு இருக்கும். பலகைகளெல்லாம் மாற்றப்பட்ட பின்னும் தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கத் தத்துவவாதிகள் தர்க்கித்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இந்தக் கத்தியின் கதை வேறு. இதன் அலகில் எதுவும் மாற்றப்படவில்லை, குறைந்திருக்கிறது. அந்தக் குறைந்த உருக்குத்தான் அதைப் பிடித்த மனிதர் உழைத்த நாட்களின் கணக்கு.

கறள் அந்தக் கணக்கில் சேராது. அது கத்தி கீழே வைக்கப்பட்ட பிறகு வந்தது. தேய்வு உழைப்பின் சுவடென்றால் கறள் கைவிடப்பட்டதன் சுவடு. காலத்தின் தடங்கள் யாவும் ஒன்றே என்று நினைத்து இரண்டையும் ஒருசேரப் போற்றுவதும், இரண்டையும் ஒருசேரத் துடைத்தெறிவதும் சமமான குருட்டுத்தனங்கள். கண்ணாடிபோல் மினுக்கவேண்டுமென்று இயந்திரச் சில்லில் பிடித்தால் குழிகளோடு பொறித்த பெயரும் போகும். சூடேறி அலகு நீலம் பாரித்தால் உருக்கின் பதமும் போய்விடும். பிறகு அது பார்வைக்கு மட்டுமே கத்தி.

நண்பர் வட்டத்தில் பலர், தொடவேண்டாம், இது ஒரு வரலாற்று ஆவணம், கறளோடேயே சட்டமிட்டு மாட்டும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் அந்தக் கத்தி வாசல்வரை போய்வந்த வீடுகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். நண்பர் சொன்ன பதில் இது:

"அண்ணை, உங்கட சுவரிலை தொங்கினால் அது சரித்திரம். என்ரை வீட்டிலை கறளோடை கிடந்தால், அப்பப்பா தன்ரை ஆயுதத்தைப் பாராத மனிசன் எண்டெல்லோ ஆகும்? அவர் ஒருநாளும் கறள் பிடிக்க விட்டதில்லை."

யாழ்ப்பாணத்துக் குடிமை முறையை அறிந்தவர்களுக்கு இந்தப் பதிலின் கனம் விளங்கும். அழைத்த வீட்டுக்குப் போகவேண்டும். செத்தவீட்டிலும் கடமை உண்டு. அதே கத்தி, இன்னும் கீழானவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் தலையில் படவும் கூடாது. பட்டால் மேல்வீடுகளின் வாசல் மூடிக்கொள்ளும். ஒடுக்கப்பட்டவரின் கையிலிருந்த அந்தக் கருவியையே இன்னொருவரை ஒதுக்கும் கருவியாகவும் ஆக்கிவைத்த சமூகம் எங்களுடையது. சாதியின் பெயரால் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது. அதன் பிறகும் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு அறுபதுகளின் பிற்பகுதியில் போராடவேண்டியிருந்தது.

ஆகவே அந்த அலகில் இரண்டு விடயங்கள் சேர்ந்திருக்கின்றன: ஒரு அவமானம், ஒரு கைத்திறன். சட்டமிட்டு மாட்டச் சொல்பவர்கள் அவமானத்தைப் பாதுகாக்கிறார்கள், அதுவும் அதைச் சுமந்தவரின் வாரிசு தன் வீட்டில் பாதுகாக்கவேண்டுமென்று எதிர்பார்க்கிறார்கள். மினுக்கச் சொல்பவர்கள் அப்படியொன்று நடக்கவேயில்லை என்பதாக ஆக்குகிறார்கள். நண்பர் கேட்பது கைத்திறனை. அப்பப்பா வைத்திருந்ததுபோலக் கூராக்கி, அந்தக் கத்தியால் தன் முகத்தைத் தானே வழிக்கவேண்டுமென்பது அவர் விருப்பம்.

என் நிலைப்பாடு இதுதான். தின்றுகொண்டிருக்கும் செங்கறளை எண்ணெய் பூசிக் கையால் தேய்த்து நிறுத்தலாம். ஆறிப்போன கறுப்புத் தழும்பு இருக்கட்டும். வெடித்த பிடிக்குப் புதிய பிடி போடலாம், பழையதை எறியாமல் வைத்திருக்கலாம். கல்லில் தீட்டினால் உருக்கு இன்னும் சற்றுக் குறையும். அது அந்தக் கத்தியின் இயல்பான ஆயுள், குறைந்துதான் ஆகவேண்டும்.

ஆனால் இது என் யோசனை மட்டுமே. தீர்மானிக்கும் உரிமை கத்தியை வைத்திருப்பவருடையது. அதை செய்ன் நதியில் எறிந்துவிட அவர் முடிவுசெய்தாலும், வரலாறு போய்விட்டதே என்று புலம்பும் தகுதி எங்களில் பலருக்கில்லை. புலம்பெயர்ந்த நாங்கள் ஊரை ஓயாமல் எழுத்தில் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். கிணற்றடியும் வேலியும் கோயில் வீதியும் பளபளவென்று மினுங்குகின்றன. அந்த மினுக்கத்தில் யார் உழைத்த சுவடு அழிந்துபோகிறது என்று, எழுதுகிறவர்கள் ஒருதரம் கேட்டுப்பார்ப்பது நல்லது.