தண்டனையும் மனக்கசப்பும்

தவறிழைத்த ஒருவனுக்குத் தான் பெற்ற தண்டனை குறித்து மனங்கசக்கும் உரிமை உண்டா? விதியை அறிந்தே மீறியவன் அதன் விளைவையும் வாய்மூடி ஏற்கவேண்டும் என்பது பொதுவான விடை. அவ்விடை எத்துணை போதுமானது என்பதை ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக உதைபந்தாட்ட உலகில் இடம்பெற்ற நிகழ்ச்சியொன்று துணைபுரிகின்றது.

ஓகையோ மாநிலப் பல்கலைக்கழக அணியின் முன்னணி வீரர் ரெறெல் பிரையரும் சக வீரர் நால்வரும், வெற்றிச் சின்னங்களாகத் தமக்கு வழங்கப்பட்ட பொருள்களை விற்றும், பச்சைகுத்தும் கடையொன்றிற் சலுகை பெற்றும் விதியை மீறினர் என்பது 2010 டிசெம்பரில் வெளியாகியது. அடுத்த பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் அவர்கள் ஆடலாகாது எனத் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் தீர்த்தது. ஆயின், சில நாள்களில் நிகழவிருந்த, பெருவருவாய் தரும் 'சுகர் போல்' ஆட்டத்துக்கு அத்தடை விதிக்கப்படவில்லை. 2011 ஜனவரி 4இல் ஓகையோ அணி 31-26 என வென்றது. அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவர் பிரையரே. ஆறு மாதம் கழியுமுன் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பின்னர் அப்பல்கலைக்கழகம் ஐந்தாண்டுகளுக்கு அவருடனான தொடர்பைத் துண்டித்தது. 2010ஆம் ஆண்டுப் பருவத்தின் வெற்றிகளும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன.

மீறலை முன்னரே அறிந்திருந்தும் மறைத்த பயிற்றுநர் ஜிம் ட்ரெசலும் 2011 மே மாதத்திற் பதவி துறந்தார். அவர் 2014இல் வேறொரு பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2025இல் ஓகையோ மாநிலத்தின் துணை ஆளுநரானார்.

இத்தகைய வரலாற்றை உடைய வீரனொருவனின் நெஞ்சிற் கசப்பு எழுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? ஜோசப் பட்லர் என்னும் ஆங்கிலச் சமய அறிஞர் 1726இல் வெளியிட்ட அறவுரைகளில், வெறும் துன்பம் கண்டு சட்டென எழும் சினத்தையும், அநீதி கண்டு நிலைபெறும் மனத்தாங்கலையும் வேறுபடுத்தினார். பின்னது தன்னளவிற் குற்றமன்று. அளவு மீறிப் பகையாகும்போதே குற்றமாகின்றது என்பது அவர் கருத்து. இவ்வேறுபாடு இங்கு பெரிதும் பயன்படும். 'அகப்பட்டேனே' என்னும் கசப்பு வேறு. 'என்னை அளந்த கோல் பிறரை அளக்கவில்லையே' என்னும் கசப்பு வேறு. முன்னதற்கு நியாயமில்லை. பின்னதோ நீதியைப் பற்றிய கேள்வியாகும். தண்டனைக்குரியவன் எனக் கண்ட பின்னரும் பெரிய ஆட்டத்தில் ஆடவிட்டு, ஆட்டம் முடிந்தபின் தண்டிப்பது விதியின்மீது கொண்ட மதிப்பைக் காட்டுமா, வருவாயின்மீது கொண்ட மதிப்பைக் காட்டுமா? பயிற்றுநர் ஆண்டுக்கு மூன்று மில்லியன் டொலருக்கு மேல் ஊதியம் பெற்ற அதே களத்தில், மாணவன் தன் மோதிரத்தை விற்பது களங்கமாயிற்று.

இதற்கு எதிராக வலிமையான வாதமொன்று உண்டு. வறுமையில் வாடியும் விதியைக் காத்த வீரர் பலர் இருந்தனர். மீறியவன் தன்னை முழுக்க நிரபராதி எனக் கூறுவானாயின், அவர்களின் பொறுமையை அறியாமை என இகழ்ந்தவனாவான். 2021 ஜூலை முதல் மாணவ வீரர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்ட அனுமதி பெற்றனர். 2025 முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். எனினும், பின்னர் விதி மாறியது என்பதனால் முன்னர் கொடுத்த வாக்கை மீறியமை இல்லாமற் போய்விடாது.

ஆயினும், விதி மாறியமை மற்றோர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. அன்று தூய்மை என்று போற்றப்பட்டது, பெருமளவு பிறர் நலம் காத்த வேலியே. 2021இல் அந்த ஐவரும் கூட்டாக வேண்டியது, அழிக்கப்பட்ட ஆட்டப் பதிவுகளை மீள வழங்குமாறே. ஆடிய ஆட்டத்தை ஆடவில்லை என ஏட்டில் எழுதுவது தண்டனையன்று, பொய்.

எனவே, தவறிழைத்தவனின் கசப்புக்கும் உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை நிபந்தனைக்குட்பட்டது. தன் பங்கை ஒப்புக்கொண்ட பின்னரே அவனது முறையீடு கேட்கத்தக்கதாகும். அவன் ஒப்புக்கொண்ட பின்னும் தண்டித்த நிறுவனம் தன் பங்கை ஒப்புக்கொள்ள மறுக்குமாயின், கசப்பைக் கைவிடுமாறு அவனுக்கு உபதேசிக்கும் தகுதியை அந்நிறுவனம் இழந்துவிடுகின்றது.